இல்லாத பிரேக்

எங்கள் வீட்டு போர்டிகோவில் ஒரு சோபா நிற்கிறது. அதற்கு இரண்டு சக்கரங்கள் உண்டு. என் கணவர் அதை டூரிங் பைக் என்பார். கம்பெனிக்காரன் வைத்த பெயர் இன்னும் நீளம். எனக்கு அது வந்து இறங்கிய நாளிலிருந்து சோபாதான். பின்னால் உட்காருகிற ஆளுக்கு முதுகு சாய மெத்தை, இரண்டு பக்கமும் கை வைக்க இடம், குளிருக்கு இருக்கைக்கு அடியிலிருந்து இதமான சூடு, காதோரம் பாட்டு. ஹாலில் கிடக்கும் நிஜ சோபாவில் இந்த வசதி எதுவும் கிடையாது. எருமையைவிட எடை அதிகம் என்பதால் பின்னுக்கு நகர்த்த ரிவர்ஸ் கியர் வேறு. பேக்கரி வாசலில் நாலு பேர் பார்க்க ரிவர்ஸ் எடுப்பதற்காகவே அவர் அடிக்கடி என்னையும் ஏற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனார் என்பது என் கட்சி.

நான் கோகிலவாணி. உடுமலைப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். அவர் திருமூர்த்தி. தென்னைநார் மில் வைத்திருந்தார். அறுபதை நெருங்கும்போது மில்லைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே இந்தச் சோபாவோடு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு காரு வாங்கியிருக்கலாமுங்க," என்றேன்.

"காருல ஏறுனா அது நம்மளக் கூட்டீட்டுப் போகுது அம்முணி. ஸ்டீரிங்கே இல்ல. தூங்கீட்டுப் போறதுக்கு ஆம்புலன்ஸ் போதுமே. ஒரு வண்டியாச்சும் நான் ஓட்டோணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போதெல்லாம் நெடுஞ்சாலையில் போகிற கார் எதிலும் ஒருவரும் விழித்திருப்பதில்லை. எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள், இல்லாவிட்டால் சீட்டாடுகிறார்கள். இரு சக்கர வண்டியை மட்டும் மனுஷன்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அதனால்தான் பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் கிளப்பாகக் கூடுகிறார்கள். வண்டிக்குள் பெட்ரோல் கிடையாது, பேட்டரிதான். கம்பீரமாகக் கேட்கிற எஞ்சின் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதை அவர்களிடம் சொன்னால் முகம் சுருங்கிப் போகும்.

சட்டத்தில் ஒரு சின்னச் சலுகையும் உண்டு. வண்டிக்குள் உதவிக்கு ஒரு மூளை வைத்துக்கொள்ளலாம். அது தானாக ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவர் செய்ய நினைப்பதை முடித்துக் கொடுக்கலாம். புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் போட்டிருக்கிறது, எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'ஒத்தாசை' என்கிறோம். வளைவில் கொஞ்சம் சாய்த்தால் மீதியை ஒத்தாசை சாய்க்கும். பிரேக்கை லேசாகத் தொட்டால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பிடிக்கும். நாளாக நாளாக நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். "என்ற வண்டி என்னை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குது," என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தங்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொள்வார்.

எனக்கு வேகம் ஆகாது. கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் போகும்போதே அவர் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே போவேன். சோபாவில் அது நடக்காது. அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவே ஒரு டிபன் கேரியரையே வைக்கலாம். அதனால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் கத்தினேன். லாரிங்க, மாடுங்க, மெதுவாங்க. முதல் மாதம் பொறுத்துக்கொண்டார். அப்புறம் என் குரலை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டார். அவர் கூடவே முணுமுணுப்பது எனக்குக் கேட்கும், நான் கத்துவது அவருக்குக் கேட்காது. எங்கள் குடித்தனத்தில் பாதி அப்படித்தான் ஓடியது என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் மிச்சமிருந்தது கால்தான். பின்னால் இருப்பவர் பாதம் வைத்துக்கொள்ள இரண்டு பலகைகள் உண்டு. ஏதாவது குறுக்கே வந்தால், அங்கே பிரேக் இருக்கிற மாதிரி பலகையை அழுத்தி மிதிப்பேன். இடப்பக்கம் வந்தால் இடது கால், வலப்பக்கம் வந்தால் வலது கால். பின்னால் உட்கார்ந்து போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்த இல்லாத பிரேக்கைப் பற்றிச் சொல்வாள். வீட்டில் வந்து இறங்கும்போது கெண்டைக்கால் இரண்டும் கடுக்கும். அவர் தைலம் தேய்த்துவிடுவார். "நீ உக்காந்துட்டுத்தானே வந்தே, உனக்கெதுக்கு அம்முணி கால் வலி?" என்று கேலி வேறு.

ஆனாலும் போனோம். தனுஷ்கோடி, கூர்க், ஹம்பி. முப்பது வருடம் நான் பாடமாக நடத்திய ஹம்பியில், அந்தக் கல் மண்டபத்து நிழலில் சோபாவை நிறுத்திவிட்டு இருவரும் தயிர்ச்சாதம் சாப்பிட்டோம். அப்போதும் நான் இந்தச் சனியனை எப்போது விற்பீர்கள் என்றுதான் கேட்டேன்.

போன வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. வண்டியில் ஏற முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகக் கிளம்பினார். வாங்கியதிலிருந்து நான் இல்லாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் அது என் கண்ணில் படாமல் போனது எனக்கே ஆச்சரியம்தான்.

தளி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைத் தட்டிவிட்டார். சோபாவின் இடப்பக்கச் சாமான் பெட்டி அவள் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி இழுத்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் நான் நொண்டிக்கொண்டே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்ணின் பெயர் தர்ஷிகா. பன்னிரண்டாவது படிக்கிறாள், வலது கையில் கட்டு.

"கண்ணு, நீ எங்கிருந்து வந்தேன்னே எனக்குத் தெரியல சாமி," என்றார் அவர்.

அந்தப் பெண் வெடுக்கென்று சொன்னாள். "நான் எங்கிருந்தும் வரலீங்க தாத்தா. உங்க பக்கத்துலயேதான் ரொம்ப நேரமா ஓட்டீட்டு வந்தேன். பெல்லு கூட அடிச்சேன்."

திரும்பி வரும்போது அவர் வண்டியைத்தான் திட்டினார். ஒத்தாசை கெட்டுப்போய்விட்டதாம். இத்தனை வருடம் தானாகப் பிடித்த பிரேக் அன்றைக்குப் பிடிக்கவில்லையாம். மாதக் கடைசியில் கிளப்போடு வால்பாறை போக வேண்டும், அவர்தான் முன்னால் போகிற ஆள், அதற்குள் சரி செய்துவிட வேண்டும். அவர் பேசப் பேச எனக்கு அந்தப் பெண் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வந்தவளை ஒரு மனுஷன் எப்படிப் பார்க்காமல் போவான்?

கோவையில் சர்வீஸ் சென்டரின் தலைமை இன்ஜினியர் ரிஸ்வானா. முப்பது வயது இருக்கும். பேச்சில் சிரிப்பு கலந்தே இருக்கும். இரண்டு வாரம் வண்டியை வைத்திருந்துவிட்டு எங்களை வரச் சொன்னாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பின்பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனாள்.

அவர் ஓட்டுகிற பாதையில் இடப்பக்கமிருந்து ஒரு ஸ்பாஞ்சு பீப்பாயைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அவர் தனியாக வந்தபோது பீப்பாயை நேராக இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். "பாத்தீங்களா? பிடிக்கவே மாட்டீங்குது," என்றார் வெற்றியோடு.

"இப்ப அம்மாவும் உக்காருங்க," என்றாள் ரிஸ்வானா. ஸ்டூல் போட்டு ஏறினேன். பீப்பாய் வந்தது, வண்டி வழுக்கின மாதிரி மெதுவாகி நின்றது. பின்னால் கனம் இருந்தால்தான் பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று அவர் ஒரு விளக்கம் கொடுத்தார். உடனே என் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டினார்கள். பீப்பாய் பறந்தது. எனக்குப் பதில் மணல் மூட்டையா என்று கேட்க நினைத்தேன், ரிஸ்வானா முகத்தில் சிரிப்பைக் காணவில்லை என்பதால் கேட்கவில்லை.

"கடைசியா ஒண்ணுங்கம்மா. ஏறி உக்காந்து, காலை மட்டும் பலகைல வெக்காம மேல தூக்கிக்குங்க."

தூக்கிக்கொண்டேன். இடப்பக்கமிருந்து பீப்பாய் வருவதைப் பார்த்தேன். மிதிக்கக் கால் பரபரத்தது. மிதிக்க இடமில்லை. பீப்பாய் என் முழங்காலை உரசிக்கொண்டு போய் விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "டீ சொல்லீட்டு வாரேன், என்னமோ சென்சார்ல கோளாறு," என்று முனகிக்கொண்டே கேண்டீன் பக்கம் போனார். ரிஸ்வானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒத்தாசைக்கு யாரு ஓட்டறாங்கன்னெல்லாம் தெரியாதுங்கம்மா. எதை நம்புனா சரியா வருதுன்னுதான் பாக்கும். குறுக்க வாரதப் பாத்துத் தானா பிரேக் போட அதுக்கு அனுமதி இல்ல, ஆளைத் தூக்கி வீசீரும்னு. மனுசங்க சொன்னாத்தான் செய்யும். உங்க வண்டில மனுசங்க ரெண்டு பேரு. பின்னாடி பலகைல அழுத்தம் விழுந்தா அடுத்த நொடி என்னமோ ஒண்ணு குறுக்க வருது. ஒருக்காவும் தப்பல. அதனால அதையவே நம்ப ஆரம்பிச்சிருச்சு."

"நான் சும்மா பயத்துல மிதிப்பேன் சாமி."

"அந்தப் பயத்தைத்தான் அது நம்பியிருக்குது. சாரோட கையவிட உங்க காலத்தான் எச்சா கேக்குது."

எனக்கு முதலில் வந்தது பெருமை. அதை மறைப்பானேன். வீட்டில், பள்ளியில், மில்லில் என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட ஜீவன் வேறு கிடையாது. அடுத்த கணமே, பீப்பாயை அவர் திரும்பிக்கூடப் பார்க்காதது நினைவுக்கு வந்தது.

"அவருக்குக் கண்ணுல என்ன?"

"நான் டாக்டரு இல்லீங்க. ஆனா இடது பக்கம் வாரது எதுவும் அவருக்குத் தெரியறதில்ல. அது அவருக்கே தெரியலன்னு நெனைக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "ஒரு வழி இருக்குதுங்கம்மா. பின் சீட்டுல ஆளு இருந்தாத்தான் வண்டி கிளம்பற மாதிரி செஞ்சு குடுத்தரலாம். சாரு கிட்ட ஏதோ பாதுகாப்பு விதின்னு சொல்லிக்கலாம். அவரு ஓட்டறதா நெனைச்சுட்டே ஓட்டுவாரு. நெறைய வீட்டுல இப்பிடிக் கேட்டு வாங்கீட்டுப் போறாங்க."

எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தேன். கேண்டீன் வாசலில் அவர் யாரோ ஒரு பையனுக்குச் சோபாவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தி வளைவைக் காட்டினார். எனக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அவர் சந்தோஷம் அவரிடம் இருக்கட்டும், நான் பின்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் நான் நீண்ட தூரம் போனால் தூங்கிவிடுகிற ஆள். கூர்க்கிலிருந்து வரும்போது மைசூர் தாண்டும்வரை நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது வெறும் அதிர்ஷ்டம். தர்ஷிகாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அவர் மூன்று டீயோடு வந்தார். நானே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்களுக்கு இடப்பக்கம் பார்வை இல்லைங்க, இத்தனை நாளும் என் கால்தான் பிரேக் போட்டிருக்குது என்றேன்.

அவர் டீயைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரிஸ்வானாவைத்தான் பார்த்தார்.

"எப்ப இருந்தும்மா?"

"கண்ணு எப்பன்னு டாக்டருதான் சொல்லோணும் சார்."

"கண்ணைக் கேக்கல. வண்டி எப்ப இருந்து அவ பேச்சைக் கேக்குது?"

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லிவிடேன் என்று என் கண்ணால் கெஞ்சினேன். அவளுக்குப் பொய் வரவில்லை. "வாங்குன ரெண்டாவது மாசத்துலருந்துங்க சார்," என்றாள்.

கண் ஆஸ்பத்திரியில் கண் அழுத்த நோய் என்றார்கள். ஓரத்துப் பார்வை போனால் ஆளுக்கே தெரியாதாம், மூளை இட்டு நிரப்பிக்கொள்ளுமாம். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வண்டி ஓட்டக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டில் சோபாவுக்கு உறை போட்டு மூடினார். கிளப்பிலிருந்து பேசினால் எடுப்பதில்லை. நாலைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கண்ணு போனது போகட்டும் அம்முணி. வயசானா ஏதோ ஒண்ணு போகத்தான் செய்யும். ஆனா தனுஷ்கோடிக்கு நான் ஓட்டல. ஹம்பிக்கு நான் ஓட்டல. கொடைக்கானல் பனியில எறக்குனது நான் இல்ல. நான் சும்மா ஹேண்டிலப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன், கோயில் விசேசத்துல கொழந்தைய மரக்குதிரை மேல உக்கார வெச்ச மாதிரி."

நான் அவரிடமிருந்து வால்பாறையைப் பிடுங்குவதாகத்தான் நினைத்திருந்தேன். கடந்துபோன ஆறு வருடத்தையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொடைக்கானல் பனி என்பது அவர் எல்லாக் கல்யாண மண்டபத்திலும் சொல்கிற கதை. மலையிறங்கும்போது வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி பனி மூடிக்கொண்டது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. கிளப் ஆட்கள் எல்லோரும் மேலேயே நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் உள்ளுணர்வை வைத்துக்கொண்டு பழனி வரைக்கும் இறக்கினார்.

"ஏனுங்க, அந்தப் பனியில உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல," என்றார். "கையி வெறைச்சுப் போச்சு. நிறுத்துனா பின்னாடி எவனாச்சும் வந்து ஏறீருவானோன்னு பயம். வண்டி அது பாட்டுக்கு ஊந்துட்டுப் போச்சு. நான்தான் ஓட்டறேன்னு எனக்கு நானே சொல்லீட்டேன். உண்மைல நீதான் எறக்கியிருக்கற."

"நானுங்களா? நான் கண்ணை மூடீட்டனுங்க."

"என்னது?"

"ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடீட்டேன். பழனி வந்து டீக்கடைச் சத்தம் கேட்டுத்தான் தொறந்தேன். ரெண்டு காலையும் மிதிச்ச மிதில எடுக்கவே இல்ல, முருகா முருகான்னுட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத ஒருவரும் கண்ணை மூடிய ஒருத்தியுமாக ஒரு மலையையே இறங்கி வந்திருக்கிறோம். சிரிப்பு முதலில் அவருக்குத்தான் வந்தது. புரையேறித் தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்து, காலையில் விட்ட மருந்தெல்லாம் கண்ணிலிருந்து வழிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. "அப்ப யாருதான் அம்முணி ஓட்டுனது?" என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

சிரித்து முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, "ஈரோட்டுலருந்து ஒருத்தரு நாளைக்கு வண்டி பாக்க வாராரு. குடுத்தரலாம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். சரிங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வேண்டாமுங்க, எனக்கு வேணும்," என்று வந்தது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று எனக்கே தெரிந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கிக்கொண்டு போகிற ஒரு காருக்குள் உட்கார வேண்டுமே என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

"உனக்கா? ஓட்டறது யாரு?"

"ஆறு வருசமா நான்தான் ஓட்டீட்டிருக்கனாமே."

"அப்ப நானு?"

"பின்னாடிங்க," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஈரோட்டுக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சோபாவின் உறை கழற்றிக் கிடக்கிறது. அவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நீட்டுகிறார், தொடையில் வைக்கிறார், கடைசியில் கைப்பிடியைக் கண்டுபிடிக்கிறார். ஆறு வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்து, "சீட்டு நல்லாத்தான் இருக்குது," என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

ரிஸ்வானா எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நின்றாலும் விழாத வண்டி என்பதால் விழுகிற பயம் இல்லை. மற்ற பயமெல்லாம் இருந்தது. மைதானத்தில் ஆமை வேகத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன், அவர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையைத் திருப்பித் திருப்பி வலது கண்ணால் பார்த்தார். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசர் என் பிறந்த தேதியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டுகிற ஆள் மாறினால் ஒத்தாசை பழையதையெல்லாம் மறக்க வேண்டும் என்பது விதி. ரிஸ்வானா வயரைச் செருகினாள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஆறு வருடமும் போய்விட்டது. "இனி புதுசாக் கத்துக்கும். பின் சீட்டு ஆளோட பேச்சை எவ்வளவு கேக்கோணும்னு இப்பவே சொல்லீறலாம். என்ன வெக்கட்டும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஒண்ணுமே வேண்டாம்மா. பலகை வயரையே கழட்டி உட்ரு. கண்ணு தெரியாதவன் பயந்து மிதிக்கறதுக்கெல்லாம் வண்டி நிக்கக் கூடாது. ஓட்டறவ அவ. நான் சும்மா வாரேன்." சொல்லிவிட்டு ஹெல்மெட் வாங்கப் போவதாக விறுவிறுவென்று கடைப்பக்கம் போனார். எனக்கு அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

ரிஸ்வானா ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

"கழட்டாதே கண்ணு," என்றேன்.

"அம்மா, அவரு கண்டதுக்கும் மிதிப்பாருங்க."

"மிதிச்சா என்னாகும்?"

"கொஞ்சம் வேகம் கொறையும். அவ்வளவுதான் வெக்க முடியும். முடிவெல்லாம் உங்களுதுதான்."

"அது போதும். கழட்டியாச்சுன்னு அவருகிட்டச் சொல்லீரு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. என் குரலை அணைத்துவிட்டு ஒரு மனுஷர் முன்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு போனபோது, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டே நான் மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். ரிஸ்வானா இந்தத் தடவை பொய் சொன்னாள். கொஞ்சம் முகம் சிவந்தது, ஆனால் சொன்னாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அமராவதி அணைப் பக்கம் போனோம். பொழுது கிளம்பி வெயில் ஏறாத நேரம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவே நேரான சாலை, முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. என் ஹெல்மெட்டில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பாட்டு எதுவும் போடவில்லை.

இடப்பக்கம் ஒரு தோட்டத்துத் தடம் வந்து சேருகிற இடத்தில், நான் ஒன்றும் செய்யாமலே சோபா லேசாகத் தளர்ந்தது. தடத்தில் யாரும் இல்லை. மறுபடி வேகமெடுத்தேன். அடுத்து ஒரு வேலி முடிகிற இடம், மறுபடியும் தளர்ந்தது. அப்புறம் ஒரு பாலம். ஒரு தகரக் கொட்டகை. இடப்பக்கம் எங்கெல்லாம் ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு மனுஷருக்குத் தோன்றுமோ அங்கெல்லாம் வண்டி மெதுவாகியது. நான் அதன் போக்கில் விட்டேன். அணைக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆனது.

அணையை ஒட்டிய வனத்துறை கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்தார்.

"பரவால்ல அம்முணி, நல்லாத்தான் ஓட்டற," என்றார். "எனக்கு எங்கெங்க பயம் வந்துச்சோ, அங்கெல்லாம் நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே மெதுவாயிட்ட."

"ஆமாங்க," என்றேன். "எனக்கும் அங்கெல்லாந்தான் பயமா இருந்துச்சு."